முட்டைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று

*கறிக்கோழியையும் முட்டைக்கோழியையும் ஒரே தோட்டத்தில் வைத்துக் காப்பாற்ற முடியுமா? கொங்கு நாட்டுத் தோட்டங்களில் எழும் ஒரு கேள்வியைப் பற்றிய சிறப்புக் கட்டுரை*

உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், ஒரே நாளில் பொரித்து, ஒரே வண்டியில் வந்து, ஒரே விளக்கின் கீழ்ச் சூடு காய்ந்த இருவகைக் குஞ்சுகள், 6 வாரம் கழிந்தபின், ஒரு கம்பிவலையின் இரு பக்கங்களிலும் நிற்கின்றன. நிற்கின்றன என்று சொல்வதும் ஒரு பக்கத்துக்கே பொருந்தும். இடப்பக்கத்தில் உள்ளவை 400 கிராம், மிஞ்சினால் 450 கிராம் எடையுள்ள மெலிந்த வெண்ணிறப் பெட்டைகள். மூங்கில் கழியின்மேல் தாவி ஏறுவதும், ஒன்றையொன்று துரத்துவதும், ஆள் அரவம் கேட்டால் சடசடவென்று மூலையில் போய் ஒண்டுவதுமாக ஒரு கணமும் ஓய்வின்றி இருக்கின்றன. வலப்பக்கத்தில் உள்ளவையோ 2 கிலோவைக் கடந்துவிட்டன. தீவனத் தட்டின் முன்னால் மார்பைக் கூளத்தில் பதித்து, உட்கார்ந்தபடியே தின்கின்றன; தண்ணீருக்காக எழுந்து நாலடி நடந்தால் மறுபடியும் உட்கார்ந்து இளைப்பாறுகின்றன. இன்றிரவு அவற்றை ஏற்றிச் செல்ல வண்டி வரும். இடப்பக்கத்துப் பெட்டைகள் முதல் முட்டை இடுவதற்கு இன்னும் ஏறக்குறைய 3 மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

நாளிதழின் வியாபாரப் பக்கத்தைப் பார்க்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கம்பிவலை புதிய விஷயமன்று. கறிக்கோழியின் விலை பல்லடத்தில் நிர்ணயமாகிறது; முட்டையின் விலையும், முட்டையிட்டு ஓய்ந்த கோழியின் விலையும் நாமக்கல்லில் நிர்ணயமாகின்றன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகளுடன் இந்தியாவிலேயே முதலிடம் பெற்ற தமிழ்நாட்டில், கோழி வளர்ப்பு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு தொழில்கள் இரண்டு ஊர்களில் வாசம் செய்கின்றன. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பூர்விக நிலத்துக்குத் திரும்பியவரும், நகரத்து உத்தியோகத்தை விட்டுத் தோட்டத்தில் ஏதேனும் செய்யலாம் என்று வந்த இளைஞரும், மாட்டுத் தொழுவத்தை ஒட்டி நாலு கோழி வளர்த்துப் பழகிய குடும்பத் தலைவியும் கேட்கும் கேள்வி வேறு: முட்டைக்காக வளர்க்கும் கோழிகளோடு கறிக்காகவும் ஓர் ஐம்பதை விட்டால் என்ன?

விடலாம். ஆனால் அதை ஒரு பண்ணையை விரிவாக்குவதாக எண்ணுகிறவர் நஷ்டப்படுவார். பக்கத்தில் இன்னொரு பண்ணை தொடங்குவதாக எண்ணுகிறவர் ஒருவேளை பிழைப்பார்.

பிரிவினை நடந்த விதம்

கறிக்கோழித் தொழிலே ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்குக் குஞ்சு அனுப்பியதில் நேர்ந்த தவற்றிலிருந்து பிறந்தது என்பது ருசிகரமான சரித்திரம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்னும் ஊரில் முட்டைக்காகக் கோழி வளர்த்து வந்த செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 1923இல் 50 குஞ்சு கேட்டு எழுத, பொரிப்பகத்தார் 500 குஞ்சுகளை அனுப்பிவிட்டனர். திருப்பியனுப்பாமல் வளர்த்து, இளம் பருவத்திலேயே கறிக்கு விற்று லாபம் கண்ட அவ்வம்மையார், 1926க்குள் 10,000 குஞ்சு கொள்ளும் கொட்டகை கட்டிவிட்டார். 1948இல் 'நாளைய கோழி' என்ற போட்டியின் இறுதிச் சுற்று அதே டெலவேரில் நடைபெற்றபோது, கார்னிஷ் சேவலையும் நியூ ஹாம்ப்ஷயர் பெட்டையையும் கலந்து பெற்ற மார்பு பருத்த கோழி வெற்றி வாகை சூடிற்று. அன்று முதல் கறிக்கு ஒரு குலம், முட்டைக்கு வெள்ளை லெகார்ன் வழிவந்த வேறொரு குலம் என்று பாதைகள் பிரிந்தன. நம் நாட்டில் பி. வி. ராவ் 1971இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பொரிப்பகமும், அவர் முயற்சியால் 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும், 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனமும் அந்தப் பிரிவினையை இங்கே நிலைநாட்டின.

> பெட்டிச் செய்தி: ஒரே தீவனம், மூன்று காலத்துக் கோழிகள்
>
> கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், 1957ஆம் ஆண்டு முதல் கலப்பின்றிக் காப்பாற்றி வந்த ஒரு கோழியினத்தையும், 1978ஆம் ஆண்டின் ஓரினத்தையும், 2005ஆம் ஆண்டின் வியாபாரக் கறிக்கோழியையும் ஒரே தீவனமிட்டு ஒரே காலத்தில் வளர்த்துப் பார்த்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். 56ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று டீக்கடையில் நடக்கும் விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. எடை வந்தது இனவிருத்தியால்.

இந்தப் பிரிவினை மனிதர் வகுத்த சௌகரியம் மட்டுமன்று. கோழியின் உடம்பே அதை வற்புறுத்துகிறது. கறிக்கோழிக் குஞ்சுக்கும் ஒரு தாய் உண்டு, அந்தத் தாயும் முட்டையிட்டாக வேண்டும். ஆனால் வயிறு நிறையத் தின்னவிட்டால் அது கொழுத்துக் காலொடிந்து, முட்டையிடும் சக்தி குன்றிவிடும் என்பதால், தாய்க்கோழிப் பண்ணைகளில் தீவனத்தை அளந்தே இடுகிறார்கள். வளரும் பருவத்தில் அவற்றுக்குக் கிடைப்பது, அவை தின்ன விரும்புவதில் பாதிக்கும் குறைவு. கறிக்கென்று வளர்ந்த குலம் முட்டையிட வேண்டுமானால் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது என்ற இந்த வினோதத்தை அறிந்தவர், ஒரு பேட்ச் விற்றபின் நன்றாயிருக்கும் பெட்டைகள் இரண்டை முட்டைக்கு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஆசைப்பட மாட்டார். அந்த ஆசையால் நிறுத்தப்பட்ட கோழிகளில் பல முட்டையைக் காணுமுன் கோடை வெயிலில் மாரடைப்பால் வீழ்கின்றன.

தீவனத் தொட்டியில் தொடங்கும் தகராறு

இரண்டையும் ஒரே கொட்டகையில் விட்டவருக்கு முதற்சங்கடம் தீவனத்தில் தொடங்குகிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தானே இரண்டுக்கும் ஆதாரம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். வித்தியாசம் மூட்டையின் அடியில் இருக்கும் சுண்ணாம்பில் இருக்கிறது. ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் அடங்கியிருக்கிறது. அதை அனேகமாகத் தினந்தோறும் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கோழிக்கு, தீவனத்தில் நூற்றுக்கு 3.5 முதல் 4 பங்கு கால்சியம் வேண்டும். வளரும் குஞ்சுக்கு வேண்டியதோ நூற்றுக்கு 1 பங்குதான். முட்டைக்கோழித் தீவனத்தைக் கறிக்கோழிக் குஞ்சு தின்னுமானால், மிஞ்சிய கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் சீர்கெட்டு, இறந்த குஞ்சை அறுத்துப் பார்க்கையில் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணம் பூசியதைப் போன்ற வெண்படலம் காணப்படும். வியாதி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர் உண்டு. அது தம் கையாலேயே தொட்டியில் கொட்டப்பட்டது.

மாறாக, நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் சேர்ந்தாலும் சுண்ணம் குறைந்த கறிக்கோழித் தீவனத்தை முட்டைக்கோழிகள் தின்னத் தொடங்கினால், தோல்முட்டையும் ஓடு நொறுங்கும் முட்டையும் வரும்; ஓட்டுக்கு வேண்டிய சுண்ணத்தைத் தன் எலும்பிலிருந்தே உருக்கிக் கொடுத்துக் கொடுத்து, ஒருநாள் கால் துவண்டு கோழி படுத்துவிடும். இதைவிட மறைவான கேடு ஒன்றும் உண்டு. கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்துகளைக் கலப்பது சாதாரணம். அவற்றுள் நைகார்பசின் என்ற ஒன்று முட்டைக்கோழியின் வயிற்றுக்குள் போனால், பழுப்பு முட்டையிடும் கோழி வெளிறிய முட்டை இடத் தொடங்கும்; அடைக்கு வைத்தால் பொரிப்பதும் குறையும். முட்டையின் நிறம் மாறுவதாவது கண்ணுக்குத் தெரிகிற எச்சரிக்கை. ஓட்டுக்குள்ளே மருந்தின் எச்சம் தங்குவது தெரிவதில்லை, அந்த முட்டை குழந்தையின் தட்டுக்குப் போகிறது.

வளர்ந்த கோழிகளையும் இளங்கோழிகளையும் சேர்த்து மேய விட்டுத்தான் தீரவேண்டும் என்ற நிலையில் இருப்போருக்கு ஓர் உபாயம் உண்டு. மருந்து கலவாத வளர்பருவத் தீவனத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனித் தொட்டியில் வைத்துவிட்டால், முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய சுண்ணத்தைத் தானே தேடித் தின்னும். மற்றவை பெரும்பாலும் அந்தத் தொட்டியைத் தீண்டுவதில்லை. கறிக்கோழிகள் இதனால் சற்றுத் தாமதமாக எடை கூடும்; சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பவருக்கு அது பெரிய குறையன்று.

வெளிச்சத்திலும் இதே பேதம். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர ஒளி தேவை. அது குறைந்தால் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடும். வளரும் விடைக்கோழிக்கு ஒளி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகக் கூடாது; போனால் உடம்பு முதிருமுன் முட்டையிடத் தொடங்கி முட்டைக்குழாய் வெளித்தள்ளும். கறிக்கோழிக் குஞ்சுக்கோ முதல் நாட்களில் இரவும் பகலும் விளக்கு எரிந்தாக வேண்டும். அந்த நாட்களில் முட்டைக்கோழிக் குஞ்சுக்கும் விளக்கின் சூடு வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் நாம் கண்டதுபோல் ஒரே நாளில் பொரித்த இருவகைக் குஞ்சுகளை முதற்சில நாட்களுக்கு ஒரே புரூடரில் வைப்பது ஒன்றே பிசகில்லாத சேர்க்கை.

மூத்தவை தரும் வியாதி

தீவனத் தவறு சில கோழிகளைக் கொல்லும். வியாதித் தவறு கொட்டகையையே காலி செய்யும். கறிக்கோழிப் பண்ணையின் மூலமந்திரம், எல்லாக் குஞ்சும் ஒன்றாக உள்ளே வருதல், எல்லாக் கோழியும் ஒன்றாக வெளியே போதல், நடுவே கூளம் வாரிக் கழுவிச் சுண்ணாம்படித்துக் கொட்டகையைச் சிலநாள் வெறுமையாய் விடுதல் என்பது. கிருமியின் தொடர் அந்த இடைவெளியில் அறுபடுகிறது. முட்டைக்கோழியோ ஓராண்டுக்கு மேல் ஒரே இடத்தில் குடியிருப்பது. தடுப்பூசியாலும் தப்பிப் பிழைத்ததாலும் எதிர்ப்பு சக்தி பெற்றுப் பார்வைக்கு ஆரோக்கியமாய் இருந்தபடியே, சளி நோய்க் கிருமியையும் இரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைகளையும் அது எச்சத்திலும் மூச்சிலும் வெளிவிட்டுக்கொண்டிருக்கும். பொரித்த அன்றே தடுப்பூசி பெற்ற கோழியும் மேரக்ஸ் நோயின் வைரஸை இறகுத் தூளில் உதிர்க்க வல்லது. அந்தத் தூள் கொட்டகைப் புழுதியில் மாதக்கணக்கில் வீரியம் குன்றாது கிடக்கும். இத்தகைய வீட்டுக்குள் ஒருநாள் வயதுக் குஞ்சைக் கொண்டுவந்து விடுவது என்பது, அம்மை கண்ட வீட்டில் பச்சிளங் குழந்தையைத் தொட்டிலிடுவதற்குச் சமானம்.

கிராமத்தார் வெள்ளைக் கழிச்சல் என்று அஞ்சும் ராணிக்கெட் நோய், குமாவூன் மலைப்பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் இந்நாட்டில் அப்பெயர் பெற்றது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் லசோட்டா சொட்டு மருந்தால் தடுக்கக்கூடிய இந்நோய் இன்றும் கோழிகளை வாரிக்கொண்டு போவதற்கு, கொட்டகையில் பல வயதுக் கோழிகள் கலந்திருப்பதும் ஒரு முக்கியக் காரணம். ஒரு வயதினத்துக்கு மருந்து கொடுக்கும் நாள் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை, பொருந்தாததைத் தள்ளிப்போடுகிறோம், தள்ளிப்போட்டது மறந்துபோகிறது.

மறதியை மருந்தால் ஈடுகட்ட முயல்வதன் விளைவு பண்ணையோடு நிற்பதுமில்லை. மனிதருக்கு வேறெந்த மருந்தும் பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்து வந்ததை மத்திய அரசு 2019இல் தடை செய்தது. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அரசாங்கத்தின் தலையீடின்றிக் கிடைக்கும் மருந்து. அதற்குச் செலவு, நாலு சென்ட் நிலமும் ஒரு ஜோடிச் செருப்பும்.

> பெட்டிச் செய்தி: காற்றையும் காலையும் கவனித்தல்
>
> கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே பாயாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று பல்லடம், உடுமலை வட்டாரத்தின் புழுதியைக் கிழக்கே தள்ளிச் செல்வதால், குஞ்சுக் கொட்டகை மேற்கிலும் மூத்த கோழிகளின் கொட்டகை கிழக்கிலும் அமைவது உத்தமம். காலையில் முதலில் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் பிறகே முட்டைக்கோழிகளிடம் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. இரு வாசல்களிலும் தனித்தனிச் செருப்பும், சுண்ணாம்புத் தூள் பரப்பிய பள்ளமும் வேண்டும். ஆழ்கூளத்தில் கறிக்கோழி ஒன்றுக்கு 1 சதுர அடி, முட்டைக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி என்பது வழக்கமான கணக்கு.

தினப்படி காசும் மொத்தக் காசும்

இவ்வளவு சிரமமிருந்தும் இரண்டையும் வளர்க்க மனிதர் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பதற்குக் காரணம் குடும்பத்தின் வரவு செலவில் இருக்கிறது. முட்டை தினமும் நாலு காசு தருவது. மளிகைக்கும் பள்ளிக்கூடத்துப் பஸ் செலவுக்கும் அது போதும். கறிக்கோழி 40, 45 நாளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம் தருவது. விதைக்கும் வட்டிக்கும் அதுவே உதவும். ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று தாங்கும் என்ற எண்ணம் நியாயமானதே, ஆனால் முழு உண்மையன்று. புரட்டாசியில் மாமிசம் தவிர்க்கும் குடும்பங்களும், கார்த்திகை பிறந்ததும் மாலை போடும் ஐயப்ப பக்தர்களும் கறியோடு முட்டையையும் சேர்த்தே விலக்குவதால், இரண்டின் விலையும் ஒருங்கே சரிவது வழக்கம். மக்காச்சோளத்தின் விலை ஏறினாலும் இரண்டுக்கும் ஒருங்கே நஷ்டம். முட்டைக்கு மட்டும் ஒரு பலத்த பிடிமானம் உண்டு. 2010 முதல் பள்ளிக்கூடச் சத்துணவில் வாரம் 5 முட்டை என்று அரசு ஏற்ற பொறுப்பு நாமக்கல்லுக்கு நிரந்தரமான வாடிக்கையைத் தந்திருக்கிறது. தோட்டத்துச் சிறு பண்ணைக்கு அந்த வாடிக்கையில் பங்கில்லை.

ஒப்பந்தப் பண்ணையத்தில் இறங்கியவரின் நிலை இதனினும் விசித்திரமானது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தாருடையவை. கொட்டகையும் கரண்டும் உழைப்பும் விவசாயியுடையவை. வளர்ந்த கோழியை எடை போட்டு எடுத்துக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுப்பார்கள். சந்தை விலை சரிந்தாலும் கூலி வரும் என்ற பாதுகாப்புக்கு ஈடாக விவசாயி விட்டுக்கொடுப்பவற்றுள் ஒன்றைப் பற்றி எவரும் எழுதுவதில்லை: பண்ணை எல்லைக்குள் வேறு கோழி வளர்க்கலாகாது என்று இத்தகைய ஏற்பாடுகளில் வற்புறுத்துவது வழக்கம். நோய்த் தடுப்பின் நோக்கில் அது நூற்றுக்கு நூறு சரி. ஆயின், ஆயிரக்கணக்கான கோழிகள் வளரும் தோட்டத்தில் பஞ்சாரத்தின் கீழே கவிழ்த்து வைத்திருந்த நாலு நாட்டுக்கோழிகளையும் வீட்டுப் பெண்மணி விற்றுவிட்டு, குழந்தைக்கு முட்டையைக் கடையில் வாங்குகிறார். அவருடைய சிறுவாட்டுக் காசும் அந்தக் கோழிகளோடு போயிற்று.

வேண்டாத சேவலும் ஓய்ந்த பெட்டையும்

முட்டைக்கோழிக் குலத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் சரிபாதி சேவல்கள். அவை முட்டையிடா, கறிக்கோழி வேகத்தில் எடையும் கூடா, ஒரு கிலோவை எட்டக் கறிக்கோழியைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட காலமும் அதற்குரிய தீவனமும் வேண்டும். ஆகையால் உலகெங்கும் பொரிப்பகங்களில் பிறந்த அன்றே அவற்றைக் கொன்றுவிடும் பழக்கம் ஏற்பட்டது; ஜெர்மனி 2022 முதல் அதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் ஏற்றிக் கூடையில் வைத்து விற்கும் குஞ்சுகளைக் கண்டு குழந்தைகள் அடம் பிடிப்பதைப் பார்க்கிறோமே, அவற்றுள் பெரும்பாலானவை அந்த வேண்டாத சேவல்களே. மலிவாகக் கிடைக்கிறது என்று நூறு வாங்கிக் கறிக்கு வளர்க்க நினைப்பவர், தீவனச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பெட்டையின் முடிவும் யோசனைக்குரியது. 72 வாரத்தில் 300க்கு மேல் முட்டையிட்டு, சில பண்ணைகளில் அதன் பிறகும் சில மாதம் நீடித்து ஓயும் கோழி, எடையில் ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே இருக்கும். நாமக்கல்லில் அதற்கும் கிலோ விலை உண்டு. அந்தக் கறி கடினமானது என்று குறை சொல்பவர்கள் பிராய்லரைச் சமைக்கும் அவசரத்தில் அதைச் சமைத்தவர்கள். சின்ன வெங்காயமும் மல்லியும் அரைத்துவிட்டுச் சிறுதீயில் நெடுநேரம் கொதிக்க விட்டால் அதன் சாறு நாட்டுக்கோழிக்கு அருகில் வரும். வீட்டுப் பண்ணைக்காரர் இதை உணர்ந்தால், கறிக்கென்று தனியே ஒரு குலத்தை வளர்க்கும் தேவையில் ஒரு பகுதி தானே குறைந்துவிடும்.

கூண்டில் அடைபட்ட வாழ்வு வேறு விவாதம். இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் அளித்த 269ஆம் அறிக்கை முட்டைக்கோழிகளையும் கறிக்கோழிகளையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. சட்டத்தின் கண்ணுக்கும் அவை இரண்டு பிரச்சினைகள்.

இரண்டையும் ஒன்றே தருமா?

சிறுவிடை, பெருவிடை என்று நம் முன்னோர் வளர்த்த நாட்டுக்கோழி இந்தப் பிரிவினைக்கு முற்பட்டது; முட்டையும் இட்டது, குழம்பிலும் கொதித்தது. ஆண்டுக்கு 60, 80 முட்டையோடு நிறுத்திக்கொண்டு அடையில் உட்கார்ந்துவிடும் அதன் சுபாவம் வியாபாரிக்குக் குற்றமாகவும், குஞ்சு விலை கொடுத்து வாங்க இயலாத வீட்டுக்காரிக்குக் குணமாகவும் பட்டது. நாட்டுக்கோழிக்கும் வியாபாரக் குலங்களுக்கும் இடைப்பட்ட வழியாக, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய நந்தனம், நாமக்கல் கோழியினங்களும், ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் தந்த வனராஜாவும், பெங்களூரின் கிரிராஜாவும் புறக்கடைக்கென்றே வெளிவந்தவை. கறியில் பிராய்லரையோ முட்டையில் லேயரையோ இவை எட்டா. நாட்டுக்கோழி என்று சொல்லி இவற்றை அதிக விலைக்கு விற்பவர்களின் சாமர்த்தியத்தை இனங்களின்மேல் ஏற்றக் கூடாது. இரண்டு கொட்டகை கட்ட இடமில்லாதவருக்கு, இரண்டு குலங்களை ஒரு கூரையில் திணிப்பதைவிட இத்தகைய ஒரு குலத்தை வளர்ப்பதே உசிதம் என்பது என் துணிபு.

இடம் உள்ளவர், 25 முட்டைக்கோழிகளை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டு, கறிக்கோழியை ஆண்டில் மூன்று பேட்சுக்கு மேற்படாமல், சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்த்து விடலாம். அந்த மூன்றில் ஒன்றைப் புரட்டாசி முதல் வாரத்தில் விடுவது நல்லது. ஊர் கறியை மறந்திருக்கும் அம்மாதத்தில் குஞ்சின் விலையும் இறங்கியிருக்கும். அந்தக் குஞ்சுகள் 2 கிலோவை எட்டும்போது ஐப்பசி நடுப்பகுதி, தீபாவளியை ஒட்டிய காலமாக இருக்கும்.